விண்மீனை அளந்த சிறு கண்ணாடிகள்

இரவு வானில் நாம் காணும் விண்மீன்கள் எல்லாம் ஒளிப் புள்ளிகளே. நிலவுக்கு வட்டமுண்டு, கதிரவனுக்கும் வட்டமுண்டு. வியாழனையும் சனியையும் ஒரு சிறு தொலைநோக்கி வழியே நோக்கினால் அவற்றின் வட்ட வடிவும் புலப்படும். விண்மீன் மட்டும் அப்படியன்று. தொலைநோக்கியைப் பெரிதாக்கினால் அது மேலும் ஒளி மிகுந்த புள்ளியாகத் தோன்றுமேயன்றித் தன் உருவத்தைக் காட்டுவதில்லை.

விண்மீன்களும் தொலைவிலுள்ள கதிரவன்களே என்று அறிஞர் சொல்லத் தொடங்கி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படியானால், ஒரு விண்மீன் எவ்வளவு பெரியது? இக்கேள்விக்கு அளந்து விடை கூற மனிதகுலம் 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த விடையைத் தந்தவை, ஒன்றுக்கொன்று விலகி நின்ற இரண்டு சிறு கண்ணாடிகள். சிறியவை பலவற்றைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, அவை பெறும் ஒளியை ஒன்றுசேர்த்தால், எந்தப் பெரிய கண்ணாடியாலும் காண இயலாததைக் காணலாம் என்ற உண்மை மெல்ல மெல்லக் கைகூடிய வரலாறு இது. இதில் வெற்றிகளைப் போலவே தோல்விகளுக்கும் பங்குண்டு.

அளவின் சிறுமை

வானியலார் ஒரு பாகையை 3600 கூறுகளாகப் பகுத்து, அதில் ஒரு கூற்றைக் கோண விநாடி என்பர். இரண்டரைச் செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தினால், அது நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கோண விநாடி அகலமாகத் தோன்ற வேண்டும். நம் கண்ணால் அதைக் காண இயலாது. அறுபது கோண விநாடி அளவுள்ளதையே நல்ல கண் பிரித்தறியும்.

வேகா என்னும் ஒளிமிக்க விண்மீனின் அகலத்தை அளக்கக் கலிலியோ முயன்றார். ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அது விண்மீனைச் சரியாக மறைக்கும் தூரம்வரை பின்னே நடந்து, கயிற்றின் பருமனையும் தூரத்தையும் கொண்டு கணக்கிட்டார். விடை ஐந்து கோண விநாடி என வந்தது. 1632 இல் வெளியான தம் உரையாடல் நூலில் அவர் இம்முறையை விளக்கியிருக்கிறார். வேகாவின் உண்மையான அகலமோ ஒரு கோண விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு. அதாவது, அதே நாணயம் 1600 கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றும் அளவு. கலிலியோ அளந்தது விண்மீனை அன்று. காற்றிலும் கண்ணிலும் கலங்கிய அதன் ஒளியையே அளந்தார்.

தொலைநோக்கிகள் பெருத்த பின்னும் இத்தடை நீங்கவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, ஓயாது அலையும் நம் காற்றுமண்டலம். விண்மீன்களை மின்னச் செய்யும் அக்காற்றே, தொலைநோக்கியில் விழும் உருவத்தையும் ஏறத்தாழ ஒரு கோண விநாடி அகலத்திற்குக் கலங்கச் செய்துவிடுகிறது. இரண்டாவது, ஒளியின் அலைத்தன்மை. காற்றே இல்லாவிட்டாலும், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி தொலைநோக்கியின் வாயில் விளிம்பு விளைவுக்கு உட்பட்டு, ஒரு சிறு வட்டமாகப் பரவியே குவிகிறது. தொலைநோக்கியின் வாய் அகன்றால் இவ்வட்டம் சுருங்கும். வேகாவின் உண்மை உருவைக் காண வேண்டுமாயின், பல பத்து மீட்டர் அகலமுள்ள கண்ணாடி வேண்டும். அத்தகைய ஒற்றைக் கண்ணாடியை இன்றுவரை எவரும் வார்த்ததில்லை.

பட்டைகள் மறையும் இடம்

வழி காட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் இப்போலித் ஃபிசோ. தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டு, அந்த மூடியில் ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு சிறு துளைகளை மட்டும் திறந்து விடலாம் என்று 1868 இல் அவர் யோசனை கூறினார். பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு அதன் பெரும்பகுதியை மூடுவதா என்று தோன்றலாம். ஆனால் அதன் பின்னே ஒரு நுட்பம் இருந்தது.

குளத்தில் இரண்டு கற்களை ஒரே நேரத்தில் எறிந்தால் இரு அலைவட்டங்கள் எழுந்து ஒன்றையொன்று கடக்கும். முகடும் முகடும் சேருமிடத்தில் நீர் உயரும். முகடும் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அடங்கும். ஒளியும் இவ்வாறே நடந்துகொள்ளும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் காட்டியிருந்தார். இரு துளைகளின் வழியே வந்த ஒளி ஒன்றுசேருமிடத்தில் வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் தோன்றும். இதையே குறுக்கீட்டு விளைவு என்கிறோம்.

விண்மீன் வெறும் புள்ளியாக இருந்தால், துளைகளை எவ்வளவு விலக்கினாலும் இப்பட்டைகள் தெளிவாகவே இருக்கும். அதற்கு ஓர் அகலம் உண்டெனில், அதன் இடப்புறத்து ஒளி ஒரு வரிசைப் பட்டைகளையும், வலப்புறத்து ஒளி சற்றே தள்ளிய மற்றொரு வரிசையையும் உண்டாக்கும். துளைகளின் இடைவெளி கூடக் கூட இத்தள்ளல் மிகுந்து, ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்றின் இருள் விழும். குறிப்பிட்ட ஓர் இடைவெளியில் பட்டைகள் முற்றும் மறைந்துவிடும். அந்த இடைவெளியை அளந்தால் விண்மீனின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே நுண்மையைத் தருவது கண்ணாடியின் பருமன் அன்று. இரு துளைகளுக்கும் இடைப்பட்ட தூரமே.

மார்செய் வானாய்வகத்தின் இயக்குநரான எதுவார்த் ஸ்தெபான் 1873, 1874 ஆம் ஆண்டுகளில் இதைச் செய்து பார்த்தார். 80 செண்டிமீட்டர் தொலைநோக்கியை மூடி, 65 செண்டிமீட்டர் இடைவெளியில் துளைகளை அமைத்து, ஒளிமிக்க விண்மீன்களை ஒவ்வொன்றாக நோக்கினார். எல்லாவற்றிலும் பட்டைகள் தெரிந்தன. ஒன்றிலும் அவை மறையவில்லை. ஒரு விண்மீனின் அகலத்தையும் அவரால் கூற முடியவில்லை. ஆயினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. நோக்கிய விண்மீன்கள் அனைத்தும் 0.158 கோண விநாடியை விடச் சிறியவை என்று அறுதியிட்டு எழுதினார். 'இதைவிடப் பெரியதன்று' என்ற அந்தச் சொல்லே விண்மீன்களின் அகலம் பற்றி மனிதர் இம்முறையில் கண்ட முதல் மெய்யான அளவு. அவருடைய கருவி ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரிதாக இருந்திருந்தால் விடை கிடைத்திருக்கும் என்பது பின்னரே தெரிந்தது.

திருவாதிரையின் அகலம்

அமெரிக்க இயற்பியலார் ஆல்பர்ட் மைக்கெல்சன் 1890 இல் இம்முறையின் கணக்கை விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை இவ்வழியில் அளந்து காட்டினார். அதன் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இம்முறை கிடப்பில் இருந்தது. கருவிகள் விண்மீன்களுக்குப் போதவில்லை.

1917 இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையில், அந்நாளில் உலகிலேயே பெரியதான இரண்டரை மீட்டர் தொலைநோக்கி நிறைவுற்றது. மைக்கெல்சனின் முறைப்படி ஜான் ஆண்டர்சன் அதைக் கொண்டு கெப்பெல்லா என்னும் விண்மீனை 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். ஒன்றையொன்று சுற்றும் அதன் இரு விண்மீன்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை, ஒரு கோண விநாடியில் நூற்றில் ஐந்து பங்கு என்ற அளவில், அவர் கண்டறிந்தார்.

தனி விண்மீனின் அகலத்திற்கு இரண்டரை மீட்டரும் போதவில்லை. எனவே தொலைநோக்கியின் உச்சியில் ஆறு மீட்டர் நீளமுள்ள ஓர் எஃகு உத்தரத்தைக் குறுக்கே பொருத்தினார்கள். அதன் இரு முனைகளின் பக்கமும் நகரக்கூடிய 15 செண்டிமீட்டர் கண்ணாடிகள். அவை பெற்ற ஒளி, நடுவேயிருந்த வேறிரு கண்ணாடிகளில் பட்டுக் கீழே இறங்கியது. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அன்று, இரண்டு சிறு கண்ணாடிகளைத் தாங்கும் பீடமாகவும், அவை தரும் ஒளியைக் குவிக்கும் ஏவலனாகவும் நின்றது.

1920 டிசம்பர் 13 ஆம் நாள் இரவு பிரான்சிஸ் பீஸ் இக்கருவியை ஓரியன் கூட்டத்திலுள்ள பீட்டல்ஜூஸ் மீது திருப்பினார். நாம் திருவாதிரை என்றழைக்கும் சிவந்த விண்மீன் அது. கண்ணாடிகளின் இடைவெளி மூன்று மீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. அதே இரவில் வேறு விண்மீன்களை நோக்கியபோது பட்டைகள் தெரிந்தன. எனவே கருவியில் பழுதில்லை. திருவாதிரையில் மட்டும் அவை மறைந்துவிட்டன. கணக்கிட்டபோது அகலம் 0.047 கோண விநாடி என வந்தது. நம் நாணயத்தை 110 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்ததற்கு இது சமம். கதிரவனின் இடத்தில் அவ்விண்மீனை வைத்தால் நம் பூமியின் பாதையையும் அது தன்னுள் அடக்கிக்கொள்ளும். இத்தகைய பேருருக்கள் இருக்கலாம் என்று கோட்பாட்டளவில் எடிங்டன் போன்றோர் கணித்திருந்தனர். இப்போது அது அளந்தறிந்த உண்மையாயிற்று.

தொடர்ந்து சுவாதி, ரோகிணி, கேட்டை முதலான ஆறேழு செம்பெரும் விண்மீன்கள் அளக்கப்பட்டன. அவற்றைவிடச் சிறியவற்றை அளக்கும் நோக்கில் பீஸ் 15 மீட்டர் உத்தரம் கொண்ட ஒரு கருவியைக் கட்டினார். எஃகின் நெளிவையும் காற்றின் அலைவையும் அவரால் வெல்ல முடியவில்லை. 1938 இல் அவர் காலமானார். கருவி நம்பத்தக்க அளவுகளைத் தராமலே நின்றது.

அருவங்காட்டில் பிறந்தவர்

அடுத்த அடியை எடுத்து வைத்தவருக்கு நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. இராபர்ட் ஹன்பரி பிரவுன் 1916 இல் நீலகிரி மலையிலுள்ள அருவங்காட்டில் பிறந்தார். அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவருடைய தந்தை பணியாற்றினார். மகன் மின்பொறியியல் கற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்கான ரேடார் கருவிகளை உருவாக்கினார். 1949 இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வகத்தில் சேர்ந்தார்.

மைக்கெல்சன் முறையின் தொல்லை இதுதான்: இரு கண்ணாடிகளிலிருந்தும் ஒளி கடக்கும் பாதைகள் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் பிசகலாகாது. ஹன்பரி பிரவுன் வேறு விதமாக எண்ணினார். ஒளி அலைகளையே கொண்டுவந்து சேர்ப்பானேன்? ஒவ்வொரு கண்ணாடியிலும் விழும் ஒளியின் செறிவில் கணந்தோறும் நுண்ணிய ஏற்றத்தாழ்வு நிகழ்கிறது. அதை மின்னோட்டமாக மாற்றி, இரு மின்னோட்டங்களின் துடிப்பும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டால் போதுமே! கணிதவல்லுநர் ரிச்சர்ட் ட்விஸ் இதற்குரிய கோட்பாட்டை வகுத்தார். இம்முறையில் பாதைகளின் நீளம் ஒரு சாண் பிசகினாலும் பாதகமில்லை. காற்றின் கலக்கமும் கெடுப்பதில்லை.

இயற்பியலார் பலர் இதை ஏற்கவில்லை. ஒளி என்பது தனித்தனித் துகள்களாக வருவது. ஒரு கண்ணாடியில் விழும் துகளுக்கும் தொலைவிலுள்ள மற்றொன்றில் விழும் துகளுக்கும் என்ன உறவு என்று கேட்டனர். ஹங்கேரியிலும் கனடாவிலும் நடந்த சோதனைகளில் அத்தகைய உறவு எதுவும் தென்படவில்லை. ஹன்பரி பிரவுனும் ட்விஸும் அச்சோதனைகளை எண்களால் ஆராய்ந்தனர். அக்கருவிகளைக் கொண்டு முடிவு காண ஒன்றில் ஆயிரம் ஆண்டுகளும், மற்றொன்றில் அதனினும் பன்மடங்கு காலமும் ஆகும் என்று காட்டினர். ஒளியின் இந்த இயல்பை முழுமையாக விளக்கும் புதிய கோட்பாட்டை 1963 இல் ராய் கிளாபர் வகுத்தார். அதற்காக அவர் 2005 இல் நோபல் பரிசு பெற்றார்.

வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே சோதனையும் நடந்தது. இராணுவத்தின் இரண்டு தேடொளி விளக்குகளிலிருந்த கண்ணாடிகளை இரவல் வாங்கி, 1955–56 குளிர்காலத்தில் சிரியஸ் விண்மீனை ஹன்பரி பிரவுன் அளந்தார். கிடைத்த விடை ஏறத்தாழ 0.006 கோண விநாடி. திருவாதிரையின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கே இது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் நாரப்ரை என்னும் ஊரருகே பெரிய கருவி எழுந்தது. 188 மீட்டர் விட்டமுள்ள வட்டமான இருப்புப்பாதை. அதன்மேல் நகரும் இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றிலும் 252 அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்துக் கட்டிய ஒளிவாங்கி. பெரிய தொலைநோக்கிகளுக்குரிய துல்லியம் அக்கண்ணாடிகளுக்குத் தேவைப்படவில்லை. ஒளியைத் திரட்டித் தந்தால் போதும். 1963 இல் வேகாவை அளந்து தொடங்கிய பணி, 32 விண்மீன்களின் அகலங்களைக் கொண்ட பட்டியலாக 1974 இல் வெளிவந்தது. மைக்கெல்சனும் பீஸும் செம்பெரும் விண்மீன்களை மட்டுமே அளக்க முடிந்தது. நாரப்ரை அளந்தவை வெண்மையும் நீலமுமான வெப்பம் மிக்க விண்மீன்கள். அவற்றின் அகலம் தெரிந்ததால் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நம்பத்தக்க வகையில் கணக்கிட முடிந்தது. இம்முறைக்கும் எல்லை உண்டு: மிகுந்த ஒளியும் வெப்பமும் உடைய விண்மீன்களுக்கு அப்பால் அதனால் செல்ல இயலவில்லை.

ஹன்பரி பிரவுன் பின்னாளில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அவருடைய பதவிக்காலத்தின் நிறைவில், 1985 இல், அந்த ஒன்றியத்தின் பொதுப்பேரவை புது தில்லியில் கூடியது.

மூன்றாவது கண்

ஒளி அலைகளையே நேரடியாகச் சேர்க்கும் பழைய முறை இதற்கிடையே மீண்டும் உயிர்பெற்றது. 1974 இல் பிரான்சின் நீஸ் வானாய்வகத்தில் அந்துவான் லபெரி, 25 செண்டிமீட்டர் அளவுள்ள இரண்டு தனித்தனித் தொலைநோக்கிகளை 12 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, வேகாவின் ஒளியில் பட்டைகளைக் கண்டார். ஒரே உத்தரத்தில் கட்டுண்டு கிடந்த இரு கண்ணாடிகள் இப்போது தனித்தனியே தரையில் நின்றன. இடைவெளியை விரிக்க இனி எஃகு தடையில்லை.

ஆனால் புதிய இடர் எழுந்தது. பூமி சுழலச் சுழல, விண்மீனின் ஒளி ஒரு தொலைநோக்கியை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக வந்தடைகிறது. முந்தி வந்த ஒளியைச் சற்றே காக்க வைத்து, பிந்தி வந்ததோடு சேர்க்க வேண்டும். இதற்காகத் தண்டவாளத்தில் ஊரும் வண்டிகளில் கண்ணாடிகளை ஏற்றி, அவற்றை இரவு முழுவதும் நகர்த்திப் பாதையை நீட்டியும் குறுக்கியும் சரிசெய்கின்றனர். லேசர் அளவீடும் கணிப்பொறியும் வந்த பின்னரே இப்பணி கைகூடிற்று.

காற்றின் கலக்கத்திற்கு மருந்து மூன்றாவது தொலைநோக்கியில் இருந்தது. இரண்டு மட்டும் இருந்தால், பட்டைகளின் இடப்பெயர்ச்சி விண்மீனால் வந்ததா, காற்றால் வந்ததா என்று சொல்ல முடியாது. மூன்றை முக்கோணமாக நிறுத்தி, மூன்று இணைகளிலும் தெரியும் இடப்பெயர்ச்சிகளைக் கூட்டினால், காற்றின் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. விண்மீனைப் பற்றிய செய்தி மட்டும் எஞ்சுகிறது. ஜோட்ரல் பேங்கில் ரேடியோ அலைகளுக்காக ரோஜர் ஜெனிசன் 1958 இல் வெளியிட்ட கருத்து இது. அதை ஒளிக்கும் பயன்படுத்தி, கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் 1995 இல் 40 செண்டிமீட்டர் சிறு தொலைநோக்கிகளைக் கொண்டு கெப்பெல்லாவின் இரு விண்மீன்களையும் தனித்தனியே காட்டும் படத்தை உருவாக்கினர். ஆண்டர்சன் எண்ணாக மட்டும் அறிந்ததை முக்கால் நூற்றாண்டுக்குப் பின் உருவமாகக் காண முடிந்தது.

பீஸ் உழைத்த அதே வில்சன் மலையில் இன்று ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆறு தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவே. மிக அகன்ற இடைவெளி ஏறத்தாழ 330 மீட்டர். நம் நாணயத்தைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தாலும் அளந்துவிடும் கூர்மை அவற்றுக்கு உண்டு. திருவோணம் எனப்படும் ஆல்டேர் விண்மீனின் மேற்பரப்பு 2007 இல் அவற்றால் படமாயிற்று. விரைந்து சுழல்வதால் அது இடுப்பில் பருத்துத் துருவங்களில் ஒடுங்கியிருப்பதும், துருவங்களைவிட நடுப்பகுதி வெப்பம் குறைந்திருப்பதும் தெரிந்தன. சிலி நாட்டின் பரனால் மலையில் 1.8 மீட்டர் துணைத் தொலைநோக்கிகளைக் கொண்டு கேட்டை விண்மீனின் மேற்பரப்பையும் அதில் வாயு நகர்வதையும் 2017 இல் வரைந்தனர். அதே மலையிலுள்ள நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளை இணைத்து, நம் பால்வீதியின் மையத்திலுள்ள கருந்துளையை ஒரு விண்மீன் 2018 மே மாதம் விநாடிக்கு 7600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றிச் சென்றதைத் தொடர்ந்து கவனித்தனர். அம்மையத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ரைன்ஹார்ட் கென்செல் 2020 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கூடி நிற்பதன் விலை

இவற்றைக் கொண்டு, பெரிய தொலைநோக்கி இனித் தேவையில்லை என்று கருதிவிடக் கூடாது. ஆறு சிறு கண்ணாடிகள் ஆறு சிறு கண்ணாடிகளின் ஒளியையே திரட்டும். 330 மீட்டர் கண்ணாடியின் ஒளியைத் திரட்டா. மங்கிய பொருள்கள் அவற்றுக்கு எட்டுவதில்லை. கூர்மையும் ஒளித்திரட்டும் வெவ்வேறு கொடைகள். முன்னதற்கு இடைவெளி வேண்டும். பின்னதற்குப் பரப்பு வேண்டும். இடைவெளியும் தானாகப் பயன் தந்துவிடுவதில்லை. விலகி நிற்கும் கண்ணாடிகள் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாத ஒத்திசைவில் நிற்க வேண்டும். அந்த ஒத்திசைவைக் காக்கும் உழைப்பே இத்துறையின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு.

அவ்வுழைப்பில் வீணாகிப் போனது மிகக் குறைவு. ஸ்தெபானின் 'இல்லை' என்ற விடை மைக்கெல்சனுக்கு அடிப்படையாயிற்று. பீஸ் வெல்ல முடியாத காற்றை, பின்வந்தோர் மூன்றாவது தொலைநோக்கியால் வென்றனர். நாரப்ரையோடு முடிந்துவிட்டதாகத் தோன்றிய ஹன்பரி பிரவுனின் முறையும் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் காமாக் கதிர்களை ஆராய்வதற்காக நிறுவிய நான்கு 12 மீட்டர் ஒளிவாங்கிகள், நிலவொளி மிகுந்த இரவுகளில் தம் வழக்கமான பணியைச் செய்ய இயலாது. அவ்விரவுகளை ஹன்பரி பிரவுன் வகுத்த வழியில் பயன்படுத்தி, இரண்டு விண்மீன்களின் அகலத்தை அளந்து அறிஞர்கள் 2020 இல் வெளியிட்டனர். நடக்காது என்று பலரும் சொன்ன ஒன்றை இரவல் கண்ணாடிகளால் செய்து காட்டியவர், அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய அளவை இப்போது வேறு கைகளில் தொடர்கிறது.